காக்கை இறகும் காகிதச் சுத்தியலும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், நான் வீட்டு மாடியில் செய்து முடித்த கிளாவிகார்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சென்னையில் 20 வருடமாகப் பியானோ டியூன் செய்து பிழைக்கிறவன், யாரும் வாசிக்காத ஒரு பழைய வாத்தியத்தை உட்கார்ந்து நகலெடுப்பானேன் என்று ஆளாளுக்குக் கேட்டு எழுதிவிட்டீர்கள். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொன்னதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கீழே கட்டை என்று வருவதெல்லாம் ஆர்மோனியக்காரர்கள் சொல்லும் கட்டைதான், விரலால் அழுத்துவது. ஹார்ப்சிகார்ட், கிளாவிகார்ட், பியானோ மூன்றுமே கட்டையும் உள்ளே தந்தியும் உள்ள ஐரோப்பிய வாத்தியங்கள். ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு இறகுமுனை தந்தியை மீட்டும். கிளாவிகார்டில் ஒரு பித்தளைத் தகடு தந்தியில் பட்டு, விரலை எடுக்கும்வரை அங்கேயே நிற்கும். பியானோவில் சுத்தியல் அடித்துவிட்டு விலகிவிடும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஐரோப்பிய மியூசியங்களில் அசல் வாத்தியங்களே இருக்கின்றனவே. அவற்றை வாசித்துக் கேட்காமல் நகல் செய்வது வீண் செலவு இல்லையா? (மதுரை)

அசல் இருக்கிறது சார், வாசிக்கிற நிலையில் இருக்கிறதா என்பதுதான் விஷயம். பியானோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டுபிடித்த பார்த்தோலொமேயோ கிறிஸ்டோஃபோரி, இத்தாலியின் பாதுவாவில் 1655-இல் பிறந்து, ஃபுளோரன்ஸில் மெடிச்சி இளவரசரின் வாத்தியங்களைப் பராமரிக்கிற வேலையில் இருந்தவர். மெல்லவும் உரக்கவும் ஒலிக்கிற ஒரு புதுவகை வாத்தியம் அவர் செய்ததாக 1700-ஆம் வருடத்து இருப்புப் பட்டியலிலேயே குறிப்பு இருக்கிறது. அவர் செய்த பியானோக்களில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று. 1720-இல் செய்தது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில், 1722-இல் செய்தது ரோமில், 1726-இல் செய்தது ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழக மியூசியத்தில்.

நியூயார்க்கில் இருப்பதை வாசிக்க முடியும். ஆனால் 1938-இல் அதன் ஒலிப்பலகையையே மாற்றிவிட்டார்கள், அதற்கு முன்பே கட்டைகளின் எல்லையையும் யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். வீணையின் குடத்தை மாற்றிவிட்டு இது அந்தக் காலத்து நாதம் என்று சொல்ல முடியுமா? ரோமில் இருப்பதைப் பூச்சி அரித்துவிட்டது. லைப்சிக்கில் இருப்பதை முன்பு ஒலிப்பதிவு செய்ததுண்டு, இப்போது வாசிக்க விடுவதில்லை. விடாமல் இருப்பதுதான் சரியும்கூட, ஏனென்றால் தந்தியைச் சுருதிக்கு இழுத்தால் 300 வருடத்து மரச்சட்டத்தின்மேல் அத்தனை பாரமும் ஏறும், ஒருநாள் எங்காவது விட்டுக்கொடுக்கும். ஆக, முதல் பியானோ எப்படி ஒலித்தது என்று காதால் தெரிந்துகொள்ள நகலை விட்டால் வேறு வழி கிடையாது.

நகலெடுத்தவர்களுக்குக் கிடைத்த ஆச்சரியங்களில் எனக்குப் பிடித்தது சுத்தியல். இன்றைய பியானோவில் கம்பளி ஃபெல்ட்டை மரத்தின்மேல் இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். கிறிஸ்டோஃபோரி என்ன செய்தார் தெரியுமா, காகிதத்தைச் சுருட்டி ஒட்டி ஒரு சின்ன வளையமாக்கி, தந்தியில் படுகிற இடத்தில் மட்டும் தோல் துண்டு வைத்தார். எடை ஒன்றுமே இல்லை. படத்தில் பார்த்தால் பள்ளிக்கூடக் கைவேலை மாதிரி இருக்கும், செய்து அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு யோசித்துச் செய்தது என்று புரிகிறது.

இன்னொன்று, பியானோவை நகலெடுப்பது ஏதோ இந்தக் காலத்துப் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். 1711-இல் ஷிப்பியோனே மாஃபெய் என்பவர் கிறிஸ்டோஃபோரியின் வாத்தியத்தைப் பற்றி ஒரு கட்டுரையும் உள் இயக்கத்தின் வரைபடமும் வெளியிட்டார், 1725-இல் அது ஜெர்மன் மொழியில் வந்தது. ஜெர்மனியின் சாக்ஸனியில் ஆர்கன் செய்துகொண்டிருந்த கோட்ஃப்ரீட் சில்பர்மன் பியானோ செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அவர் செய்த ஒன்றை வாசித்துப் பார்த்த இசையமைப்பாளர் பாக், மேல்சுரங்கள் சோகையாக இருக்கின்றன, கட்டை கனக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட, சில்பர்மனுக்கு மூக்கின்மேல் கோபம். ஆனாலும் வருடக்கணக்கில் உட்கார்ந்து திருத்தினார். அவர் கடைசியில் பிரஷ்ய அரசர் ஃபிரெடெரிக்குக்குச் செய்துகொடுத்த பியானோக்களின் உள் இயக்கம், இத்தாலியக்காரர் செய்ததை அப்படியே ஒத்திருக்கிறது. 1747-இல் பாக் போட்ஸ்டாம் அரண்மனைக்குப் போனபோது வாசித்தது இவற்றைத்தான்.

3டி ஸ்கேன், சிஎன்சி எல்லாம் வந்துவிட்டது. அசலை ஸ்கேன் செய்து மெஷினில் கொடுத்தால் அச்சு அசலாக வந்துவிடாதா? (கோவை, பொறியியல் மாணவர்)

தம்பி, கம்ப்யூட்டர் சொல்படி வெட்டிக் கொடுக்கிற வேலையை சிஎன்சி மெஷின் என்னைவிட நன்றாகவே செய்யும். எதை ஸ்கேன் செய்வது என்பதில்தான் சிக்கல்.

இன்றைய பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரத்தில் ஹார்ப்சிகார்ட் செய்கிற ருக்கர்ஸ் என்றொரு குடும்பம். ஹான்ஸ் ருக்கர்ஸ் 1579-இல் அங்குள்ள கைவினைஞர் சங்கத்தில் சேர்ந்தார், பிறகு மகன்கள், பேரப்பிள்ளைகள் என்று 17-ஆம் நூற்றாண்டு முழுக்க இவர்கள் ஹார்ப்சிகார்டுக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையே வினையாகிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ்காரர்கள் ருக்கர்ஸ் பெட்டிகளை வாங்கி, பக்கங்களை அறுத்து அகலப்படுத்தி, கட்டைகளைக் கூட்டி, கால்களை மாற்றித் தங்க முலாம் பூசி விற்றார்கள். ரவால்மான் என்று அதற்குப் பெயரே உண்டு. ருக்கர்ஸ் செய்த, இரண்டு அடுக்காகக் கட்டைகள் உள்ள ஹார்ப்சிகார்டுகளில் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒரே சுருதியில் இருக்காது, நான்கு சுர இடைவெளி தள்ளியிருக்கும், அதாவது ச-வுக்கும் ம-வுக்கும் உள்ள தூரம். பாரிஸில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இப்போது நீங்கள் ஸ்கேன் செய்வது 1640-ஆ, 1770-ஆ, அல்லது அதற்கப்புறம் யாரோ ரிப்பேர் என்று கைவைத்த வருடமா? பல அடுக்குச் சுண்ணாம்பு அடித்த கோயில் மண்டபத்தில் எந்த அடுக்கில் நிற்பது என்று கேட்பது மாதிரிதான்.

அடுத்தது, மரம் சும்மா இருப்பதில்லை. ஒலிப்பலகையின் தடிமன் இடத்துக்கு இடம் 2 மில்லிமீட்டர் சொச்சத்திலிருந்து 4 வரை போகும், எங்கே மெல்லிசு எங்கே தடிமன் என்பதில்தான் செய்தவரின் மனம் இருக்கிறது. 300 வருடத்தில் அது வளைந்து, சுருங்கி, விரிசல் விட்டு, ஒட்டுப்போட்டு நிற்கிறது. அந்த வளைவையும் மெஷின் பயபக்தியோடு வெட்டிக் கொடுக்கும். இதற்காகத்தான் அனுபவசாலிகள் அளவெடுத்த கையோடு அதைப் பழைய அங்குலத்துக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். அன்றைக்கு ஊருக்கு ஒரு அங்குலம், நம் தச்சர்களின் முழக்கோல் மாதிரி. மில்லிமீட்டரில் 411, 387 என்று அர்த்தமில்லாமல் வருவது உள்ளூர் அங்குலத்தில் 16, 15 என்று முழு எண்ணாக விழுந்துவிட்டால், செய்தவர் கோலை வைத்துக் கோடு கிழித்த இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். (இந்த எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவை, எந்த வாத்தியத்தினுடையதும் இல்லை.)

தந்தியும் இருக்கிறது. ருக்கர்ஸ் ஹார்ப்சிகார்டில் நடு ஸ்தாயிக்கு மேல் ச-வுக்கு, அதாவது நடு சி-க்கு அடுத்த மேல் சி-க்கு, தந்தி நீளம் சுமார் 35.5 சென்டிமீட்டர். அன்றைய இரும்புக் கம்பி அறுந்துபோகிற எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிற மாதிரி கணக்குப் போட்ட நீளம் அது, அந்த எல்லையில் நிற்கும்போதுதான் தந்தி நன்றாகப் பேசும். அந்தக் கம்பியில் கார்பன் குறைவு, பாஸ்பரஸ் இருந்தது. இன்றைய பியானோ ஸ்டீல் அதைவிட எவ்வளவோ பலம், அதைக் கொண்டுவந்து அதே நீளத்தில் கட்டினால் அதற்கு எல்லை எங்கேயோ இருக்கும், தந்தி தூங்கும். ஆகவே பழைய மாதிரிக் கம்பி இழுப்பதையே சிலர் தனி வேலையாக எடுத்துச் செய்கிறார்கள். ஸ்கேனரில் இது விழாது.

மியூசியங்கள் இப்போது எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எல்லாம் எடுக்கின்றன, பல மியூசியங்கள் முழு அளவு வரைபடங்களை விலைக்கே தருகின்றன. நான் முதலில் வாங்கிய வரைபடத்தை விரிக்க வீட்டில் இடமில்லாமல் மொட்டை மாடியில் நாலு செங்கல் வைத்து விரித்தேன், காற்றடித்து ஒரு ஓரம் கிழிந்தது. அந்தக் கிழிசலில் இருந்த ஒரு அளவை இன்றுவரை உத்தேசமாகத்தான் வைத்திருக்கிறேன்.

காக்கை இறகு வைத்தா வாசிக்கிறார்கள்? நம் வீட்டு மாடியில் விழுகிற இறகு ஆகுமா? (புதுச்சேரி)

ஆகும். காக்கையின் பெரிய இறகுகள், அண்டங்காக்கையினுடையது இன்னும் நல்லது, இதற்கென்றே வளர்ந்த மாதிரி இருக்கும்.

வேலையைச் சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். ஜாக் என்று ஒரு மெல்லிய மரத்துண்டு, ஐஸ்கிரீம் குச்சி கணக்கில், கட்டையின் பின்முனையில் நட்டுக்குத்தலாக நிற்கும். அதன் தலையில் ஒரு பிளவு, பிளவுக்குள் ஒரு நாக்கு, நாக்கில் ஒரு துளை, துளையில் இறகுத் தண்டின் சீவல். கட்டையை அழுத்தினால் ஜாக் மேலே எழும்பும், சீவல் தந்தியை மீட்டும். விரலை எடுத்தால் ஜாக் கீழே விழும், விழும்போது சீவல் மறுபடி தந்தியை மீட்டிவிடக் கூடாது, அதனால் நாக்கு பின்னால் சாய்ந்து வழிவிட்டுவிட்டு டக்கென்று பழையபடி நிமிர்ந்துகொள்ளும். நிமிர்த்துகிற ஸ்பிரிங் எது? ஒரு பன்றி மயிர். 1600-களில் போட்டது இன்றும் சில ஜாக்குகளில் வேலை செய்கிறது.

சீவலைச் செதுக்குவதில்தான் உயிர் போகும். ஒரு மரத்துண்டின்மேல் வைத்து, சவர பிளேடு மாதிரி கூரான கத்தியால், அடிப்பக்கம் மட்டும் ஒரு இழை எடுக்க வேண்டும். கொஞ்சம் கனமாக இருந்தால் சத்தம் முரட்டுத்தனமாக, விரலுக்கு முட்டும். இன்னொரு இழை எடுத்தால் தேன். அதற்குமேல் ஒரு இழை எடுத்தால் அவ்வளவுதான், புது இறகு. தந்திக்கு அடியில் அது நீட்டிக்கொண்டிருக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு வரிசைக்கு 50, 60 ஜாக், பெரிய வாத்தியத்தில் மூன்று வரிசை. எல்லாம் ஒரே பலத்தில் மீட்ட வேண்டும். நான் ஒரு நண்பரின் ஹார்ப்சிகார்டுக்கு ஒரு வரிசை மட்டும் இறகு மாற்றிக் கொடுத்தேன், நான்கு நாள் ஆனது, ஐந்தாம் நாள் காக்காயைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது.

இன்று பெரும்பாலோர் டெல்ரின் என்கிற பிளாஸ்டிக்கைப் போட்டுவிடுகிறார்கள். உழைக்கும், ஈரத்துக்கு அசையாது. காதில் வித்தியாசம் தெரிகிறதா என்றால், எனக்குக் கேட்பதைவிட விரலில்தான் அதிகம் தெரிகிறது: இறகு தந்தியை விடுவதற்கு முன் கொஞ்சம் குழையும்.

பலாமரத்தில் வீணை செய்கிறோம். அதே மரத்தில் ஹார்ப்சிகார்ட் செய்யலாமா? (தஞ்சாவூர்)

பெட்டி செய்யலாம், ஒலிப்பலகை வேண்டாம். வீணையில் குடத்தைக் குடைந்து எடுக்கிறோம், அங்கே பலா ராஜா. இங்கே வேண்டியது காகிதம் மாதிரி எடையில்லாத, ஆனால் விறைப்பான பலகை. அதற்கு ஆல்ப்ஸ் மலைக் குளிரில் மெதுவாக வளர்ந்த ஸ்ப்ரூஸ்தான் பேர்போனது, இத்தாலியர்கள் சைப்ரஸும் போட்டார்கள். ருக்கர்ஸ் வீட்டார் பெட்டிக்குப் போட்டது பாப்லர், மட்டமான மரம், மேலே அச்சடித்த காகிதம் ஒட்டி மறைத்துவிடுவார்கள். கட்டைகளுக்கு லைம் மரம், எலுமிச்சை இல்லை, பெயர் மட்டும்தான் அப்படி. கட்டைமேல் ஒட்டுவதற்குத் தந்தம் பழைய கதை, இன்று மாட்டெலும்புதான். பசை? உங்கள் ஊர் ஆசாரிகளின் தாத்தா வைத்திருந்த அதே வச்சிரம், கொட்டாங்கச்சியில் காய்ச்சுவார்களே, அதேதான். வெந்நீரும் சூடும் காட்டினால் விட்டுவிடும், அடுத்த தலைமுறை பிரித்து வேலை பார்க்கலாம். ஃபெவிகாலில் ஒட்டினால் பிரிக்கும்போது மரமும் சேர்ந்து வரும்.

யூடியூபில் ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்காவின் பழைய பதிவு கேட்டேன். இன்றைக்கு வாசிப்பவர்களின் சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையே? (திருச்சி)

நல்ல காது உங்களுக்கு. லாண்டோவ்ஸ்கா வாசித்தது பாரிஸ் பிளேயெல் கம்பெனி 1912-இல் அவருக்காகச் செய்த மாடல், ஏழு பெடல், கீழ் ஸ்தாயிக்கு ஒரு தனித் தந்தி வரிசை, பிறகு இரும்புச் சட்டமும் வந்து சேர்ந்தது. பியானோ செய்கிற கம்பெனி ஹார்ப்சிகார்ட் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. அவர்கள் கண்ணில் பழைய ஹார்ப்சிகார்ட் ஒரு அரைகுறை வாத்தியம், தங்களிடம் இருந்த நல்ல இரும்பையும் கனத்த மரத்தையும் போட்டு அதைக் 'கரையேற்றினார்கள்'. எடை கூடியது, சத்தம் குறைந்தது, இதுதான் வேடிக்கை.

அதற்கும் முன்பே இங்கிலாந்தில் ஆர்னால்ட் டோல்மெட்ச் என்பவர், கைவினை இயக்கத்தின் முன்னோடி வில்லியம் மோரிஸ் தூண்டியதால், 1896-இல் கைவினைக் கண்காட்சிக்கு ஒரு ஹார்ப்சிகார்ட் செய்திருந்தார். ஆனால் காற்று திரும்பியது 1949-இல், பாஸ்டனில். ஃபிராங்க் ஹப்பர்ட், வில்லியம் டவுட் என்று இரண்டு பேர், ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள், பட்டறை போட்டார்கள். 'சரி, மேம்படுத்துவதை விடு, பழையவன் செய்ததை அப்படியே செய்து பார்க்கலாம்' என்பது அவர்கள் கொள்கை. ஹப்பர்ட் மியூசியம் மியூசியமாகப் போய் அளந்தார், 1965-இல் அதை ஒரு தடித்த புத்தகமாகவும் போட்டார். மெல்லிய பெட்டி, மெல்லிய பலகை, இரும்பு கிடையாது. சத்தம் அறையை நிறைத்தது. எடின்பரோவில் இருக்கிற பாஸ்கல் டாஸ்கன் 1769-இல் செய்த ஹார்ப்சிகார்டை உலகம் முழுக்க எத்தனையோ பட்டறைகள் நகலெடுத்துவிட்டன, அதன் நகலையாவது கேட்காத ஹார்ப்சிகார்ட் ரசிகர் இருக்க மாட்டார்.

லாண்டோவ்ஸ்காவை நான் கிண்டல் செய்யவில்லை. ஸ்பெயின் இசையமைப்பாளர் ஃபாயா 1926-இலும், பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்க் அதற்கு ஓரிரு வருடம் கழித்தும் எழுதிய கச்சேரி உருப்படிகள் அந்த பிளேயெல் சத்தத்தை மனதில் வைத்து எழுதியவை. அவற்றை டாஸ்கன் நகலில் வாசித்தால் சப்பென்று இருக்கிறது. இனி யாராவது பிளேயெலையும் நகலெடுக்க வேண்டியதுதான்.

நகல் என்றால் போலி என்றுதானே அர்த்தம்? நாளைக்கு யாராவது அசல் என்று விற்றுவிட்டால்? (சேலம்)

விற்றிருக்கிறார்கள், அதுவும் அந்தக் காலத்திலேயே. மேலே சொன்ன டாஸ்கன் இருக்கிறாரே, பிரெஞ்சு அரசவையின் வாத்தியங்களைப் பராமரித்தவர், சாதாரண ஆள் இல்லை. கோர்மான் என்பவர் 1764-இல் செய்த ஒரு பாரிஸ் ஹார்ப்சிகார்டை எடுத்து, 1783 வாக்கில் அதை ருக்கர்ஸ் குடும்ப வாரிசான கூஷே செய்தது மாதிரி வேஷம் கட்டினார். ஆன்ட்வெர்ப் என்ற பெயருக்கு இருந்த விலை அப்படி. அந்த ஹார்ப்சிகார்டும் இன்று எடின்பரோவில் இருக்கிறது, போலியே இப்போது பொக்கிஷமாகிவிட்டது.

இதைவிட சுவையான கதை நம் காலத்தில் நடந்தது. ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் மார்ட்டின் ஸ்கோவ்ரோனெக் என்று ஒரு கைகாரர். டச்சு ஹார்ப்சிகார்ட் கலைஞர் குஸ்தாவ் லெயோன்ஹார்ட்டுக்காக 1980-களில் ஒரு வாத்தியம் செய்தார், அதில் போட்ட பெயர்: நிக்கோலா லெஃபேவ்ர், ரூவான், 1755. பழைய வாத்தியம் போலவே உள்ளும் புறமும் பார்த்துப் பார்த்துச் செய்தது. லெயோன்ஹார்ட் அதில் இசைத்தட்டுப் பதிவு செய்தார், பழைய பிரெஞ்சு வாத்தியத்தின் நாதமே நாதம் என்று எல்லோரும் மயங்கினார்கள், பெரிய பெரிய காதுகள் எல்லாம். 2002-இல் ஸ்கோவ்ரோனெக்கே ஒரு ஆய்விதழில் நான்தான் செய்தேன் என்று எழுதினார், யாரையும் ஏமாற்றிக் காசு பார்க்கும் எண்ணமில்லாத போலி என்று தானே பெயர் சூட்டினார்.

அவருக்கு ஒரு ஆதங்கம் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் 'நகல்தானே' என்று காதைப் பாதி மூடிக்கொண்டு கேட்பார்கள், அசல் என்று சொன்னால் கரகரப்பும் அழகாகிவிடும். நான் டியூன் செய்யப் போகிற வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன். தாத்தா காலத்துப் பியானோ என்றால் தந்தி துருப்பிடித்து ஓலமிட்டாலும் 'அந்தக் காலத்து சவுண்டு சார்' என்பார்கள்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: ஒழுங்கான செய்குநர் தன் பெயரையும் வருடத்தையும் கண்ணில் படுகிற இடத்தில் போடுவார், எதைப் பார்த்துச் செய்தது என்பதையும் சொல்லிவிடுவார்.

நகலில் சுருதியும் பழையதா? (திருவையாறு)

பழைய சுருதி ஒன்றாக இருந்ததில்லை, ஊருக்கு ஊர் மாறும். இன்று பெரும்பாலோர் பேசிவைத்துக்கொண்டு நடு ஏ சுரத்தை 415 (வினாடிக்கு 415 அதிர்வு) என்று வைக்கிறார்கள், இப்போதைய 440-க்கு அரைச்சுரம் கீழே, ஒரு கட்டைக்காரர் அரைக்கட்டை இறங்கின மாதிரி (இங்கே மட்டும் பாடகர்கள் சொல்லும் சுருதிக் கட்டை). பல நகல்களில் கட்டைத் தொகுதியையே பக்கவாட்டில் ஒரு தந்தி தள்ளி 440-க்குப் போய்விடலாம், அசலில் இந்த வசதி கிடையாது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு ரசிக்கிற விஷயம் வேறு. 16, 17-ஆம் நூற்றாண்டில் மீன்டோன் என்று ஒரு சுருதி முறை, அதில் ச-வுக்கும் காந்தாரத்துக்கும் உள்ள அதிர்வு விகிதம் சுத்தமாக 5:4. தம்புராவில் தானாகக் கேட்கிறதே அந்தரகாந்தாரம், அது. நம் ஆர்மோனியக் காந்தாரம் அதைவிடக் கொஞ்சம் தூக்கல். அதற்குக் கொடுக்கிற விலை, ஓரிடத்தில் ஒரு பஞ்சமம் கெட்டுப்போய் ஊளையிடும், அதற்குப் பெயரே ஓநாய். சில வாத்தியங்களில் கறுப்புக் கட்டையை இரண்டாகப் பிளந்து இரண்டு தந்தி வைத்து ஓநாயைத் துரத்தினார்கள். நகல் செய்யும்போது அந்தப் பிளந்த கட்டையைச் செதுக்கிப் பாருங்கள், எத்தனை துடியாக அந்தக் காந்தாரம் வேண்டும் என்று இருந்தார்கள் என்பது விரலுக்குத் தெரியும்.

லியோனார்டோ டா வின்சி வரைந்த வாத்தியத்தை ஒருவர் செய்து வாசிக்கிற வீடியோ பார்த்தேன். அது நகல் கணக்கில் வருமா? (திருநெல்வேலி)

வராது, நகலெடுக்க அசல் வேண்டுமே! டா வின்சியின் குறிப்பேடுகளில் வியோலா ஆர்கனிஸ்தா என்ற யோசனைக்குச் சில கிறுக்கல்கள் இருக்கின்றன, கட்டையை அழுத்தினால் தந்தி சுழலும் சக்கரத்தில் உரசி வயலின் மாதிரி நீளமாக ஒலிக்கும். அவர் செய்து முடித்ததற்கு அடையாளம் இல்லை. 1575-இல் நியூரம்பெர்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஹைடன் இதே யோசனையில் ஒன்று செய்தார். 1625-இல் ஸ்பெயினில் ட்ருச்சாடோ செய்த ஒன்று பிரஸ்ஸல்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. நீங்கள் பார்த்த வீடியோவில் இருப்பவர் போலந்துப் பியானோ கலைஞர் ஸ்வாவோமிர் ஜுப்ஷிட்ஸ்கி, 2012-இல் செய்து முடித்தார், குதிரைமயிர் சுற்றிய நான்கு சக்கரம், 61 தந்தி. கால்மிதியால் சக்கரம் சுற்றுகிறார். நகல் என்பதைவிட முடிக்காத வாக்கியத்தை முடித்தார் என்று சொல்லலாம். சத்தம் எனக்குப் பிடித்தது.

எனக்கும் ஒன்று செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது? நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா? (வேலூர்)

கிளாவிகார்டில் ஆரம்பியுங்கள். செவ்வகப் பெட்டி, வளைந்த பக்கம் கிடையாது, ஜாக் கிடையாது, இறகு கிடையாது. கட்டையின் முனையில் ஒரு பித்தளைத் தகடு, அவ்வளவுதான் இயந்திரம். விரல் கட்டையில் இருக்கும்வரை தகடு தந்தியை விட்டுப் பிரியாததால், அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் சுரம் அசையும். கட்டை வாத்தியத்தில் கமகம் மாதிரி ஒன்று வருவது இதில்தான்.

கிட் என்று ஒரு வழியும் உண்டு. உல்ஃப்காங் சுக்கர்மன், நியூயார்க்கில் பியானோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், என் ஜாதி, 1960 வாக்கில் ஹார்ப்சிகார்டைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு 150 டாலருக்கு விற்க ஆரம்பித்தார், வாங்கியவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒட்டினார்கள். பிளைவுட்டும் நேர்ப்பக்கமுமாக இருந்த அது எந்தப் பழைய வாத்தியத்தையும் போல இருக்காது. ஆனால் பின்னாளில் நல்ல செய்குநர்களான சிலருக்கு முதல் பசை கையில் ஒட்டியது அதில்தான்.

வெயிலைப் பற்றி என் சொந்தக் கதை. முதல் கிளாவிகார்டின் ஒலிப்பலகையை ஒட்டியது நவம்பர் மாதம், வெளியே நான்கு நாளாக மழை, மரம் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கிறது என்பது மண்டையில் ஏறவில்லை. ஒட்டி, தந்தி கட்டி, ஏசி அறையில் கொண்டுபோய் வைத்தேன். மே மாதம் ஒரு ராத்திரி 'டப்' என்று சத்தம், பல்லி ஏதோ தள்ளிவிட்டது என்று திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் குதிரைக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு விரிசல், உள்ளே நாலணாவை நுழைக்கலாம். வறண்ட நாளில், பலகையை லேசாகச் சூடுகாட்டிச் சுருக்கிவிட்டு ஒட்ட வேண்டும், பிறகு ஈரம் ஏறினால் உப்பி மேலே வளையும், கிழியாது. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, நானும் படித்திருந்தேன்.

ஆறுதலுக்கு மொசார்ட் கை கொடுத்தார். 1777 அக்டோபரில் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், ஆக்ஸ்பர்க்கில் பியானோ செய்யும் யோஹான் ஆண்ட்ரெயாஸ் ஸ்டைன் ஒலிப்பலகையை மழையிலும் பனியிலும் வெயிலிலும் வெளியே போட்டு வேண்டுமென்றே வெடிக்க விடுவார், பிறகு வெடிப்பில் சிம்பு வைத்து ஒட்டிவிடுவார், அதற்குப்பின் அது எதற்கும் அசையாது என்று மொசார்ட் எழுதியிருக்கிறார். நானும் சிம்பு வைத்து ஒட்டினேன். மூன்று வருடமாக இருக்கிறது.

உங்கள் கிளாவிகார்டை நேரில் வந்து கேட்கலாமா? (தாம்பரம்)

தாராளமாக. பத்திரிகைக்கு எழுதிக் கேட்டால் முகவரி தருவார்கள். ஒரே ஒரு விஷயம், கிளாவிகார்டின் சத்தம் ஒரு அறையைத் தாண்டாது, மூச்சை அடக்கிக் கேட்க வேண்டும். மின்விசிறி ஓடினால் கேட்காது, ஏசி ஓடினாலும் கேட்காது, இரண்டையும் நிறுத்திவிட்டுத்தான் வாசிப்பேன். ஆகையால் மே மாதம் வேண்டாம், மார்கழியில் வாருங்கள்.